கடை வாசலுக்கு எந்தக் குப்பைத்தொட்டி?

கேள்வி: சிங்கப்பூரில் தேக்கா பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். ஞாயிறு மாலைக் கூட்டத்தில் வாசல் தொட்டி நிரம்பி வழிகிறது. பெரிதாக ஒன்று வாங்கலாமா?

பதில்: அளவை அப்புறம் பார்க்கலாம், முதலில் தொட்டியின் வாயைப் பாருங்கள். மூடியைக் கையால் தூக்க வேண்டும் என்றால், குழம்பு ஒட்டிய பொட்டலத்தோடு வருகிறவர் அதைப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார்; திறந்தே கிடந்தாலோ மைனா கிளறும், மழை பெய்தால் தண்ணீர் தேங்கி, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். அதனால் மேலே கூரை, பக்கவாட்டில் அகலமான வாய், உள்ளே தனியாக எடுக்கிற வாளி. 240 லிட்டர் தொட்டி நிரம்பினால் ஒரு ஆள் இழுப்பது சிரமம், 120 லிட்டரில் இரண்டு வாங்குங்கள், துப்புரவு செய்கிற அக்காவின் இடுப்பு தாங்க வேண்டாமா? கடை முன்னால் ஆட்கள் நடந்து போகிற ஐந்தடிப் பாதையை மட்டும் மறிக்காதீர்கள்.