ஹெச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கிறேன், டெக்சாஸ் துப்பாக்கிக் கடையில் மறுத்துவிட்டார்கள், ஏன்?

கடைக்காரர் செய்தது சரிதான். டிரைவிங் லைசென்ஸும் குற்றமில்லாத பதிவும் இருந்தாலும், தற்காலிக விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்திய அரசுச் சட்டமே தடை. டெக்சாஸ் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இதில் உதவாது. கிரீன் கார்டு வெறும் விண்ணப்ப நிலையில் இருந்தாலும் பயனில்லை. அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவான ஐ-94-ல் அனுமதி வகையைப் பாருங்கள்.

இந்தத் தடையிலிருந்து விலக்குப் பெற வழக்கமான வழி, ஏதாவதொரு அமெரிக்க மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம். துப்பாக்கி வாங்கும்போது கடையில் நிரப்பும் 4473 படிவத்தோடு அதைக் காட்டுங்கள். நண்பர் பெயரில் வாங்குவது தனிக் குற்றம், வேண்டவே வேண்டாம்.

பலர் கோட்டைவிடுவது தேதியில்தான். டெக்சாஸ் வேட்டை உரிமங்கள் பெரும்பாலும் ஆகஸ்ட் 31-ல் முடிந்துவிடும். புதுப்பிக்காமல் துப்பாக்கி வீட்டில் இருந்தாலே சிக்கல்: 15 ஆண்டு வரை சிறை, நாடுகடத்தலும் வரலாம். வாங்குமுன் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.