மயில் உள்ளான்: குஞ்சுகளோடு நிற்பது ஆண்தான்

மாத்தளை வயலில் எடுத்த மயில் உள்ளான் படத்தை அனுப்பி, "சேவல் ஏன் குஞ்சுகளை விட்டு ஓடியது?" என்று கேட்டிருந்தீர்கள். மயில் உள்ளான் வயலிலும் சதுப்பிலும் வாழும் நீண்ட அலகுப் பறவை. படத்தில் குஞ்சுகளோடு நின்ற மங்கல் நிறப் பறவைதான் ஆண். நீங்கள் சேவல் என்று நினைத்தீர்களே, கழுத்து செம்பழுப்பான அது பெட்டை.

மயில் உள்ளானில் எல்லாம் தலைகீழ். பெட்டை பெரும்பாலும் 4 முட்டை இட்டதும் அடைகாக்கிற வேலையை ஆணின் தலையில் கட்டிவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். ஆணுக்காகச் சண்டை பிடிப்பதும் பெட்டைகள்தான். கெட்டிக்காரிகள்!

படத்தைப் பெரிதாக்கி இறக்கையைப் பாருங்கள். பொன்னிறப் பொட்டுகள் நிறைய இருந்தால் ஆண். பொழுதுபட்டபின் வரப்போரம் நின்றால் பெட்டையின் "ஊ... ஊ..." குரலும் கேட்கலாம்.

ஆனால் வளர்ந்த குஞ்சும் ஆணைப் போலவே இருக்கும். தனியாக நிற்கிற மங்கல் பறவையை ஆண் என்று குறித்துவிடாதீர்கள். இலங்கை மலைநாட்டில் உள்ள ஹோர்ட்டன் சமவெளிக்குக் குளிர்காலத்தில் வரும் ஊசிவால் உள்ளானுக்கும் இந்தக் கணக்கு சரிவராது, அதில் ஆணும் பெண்ணும் ஒரே நிறம்.