எலியின் பார்வை நடுமூளை: வாசகர் கேள்வி-பதில்

செந்தூல் வாசகர்: கண்ணிலிருந்து நரம்புகள் வந்து சேரும் நடுமூளைப் பகுதியான சுப்பீரியர் கொலிகுலஸில் எந்த ஏற்பி (மூளை ரசாயனத்தைப் பிடிக்கும் புரதம்) அதிகம்?

எந்த அடுக்கில்? அதைச் சொல்லாத கேள்விக்குப் பதில் இல்லை. உதாரணத்துக்கு டோப்பமின் ஏற்பிகள்: சுண்டெலியில் டி1 வகை மேல் அடுக்கில், டி2 வகை பெரும்பாலும் இடை அடுக்கில். இரண்டையும் கலந்து அரைத்து அளந்தால் ஓர் எண் வரும். அதனால் பயன் ஏதுமில்லை. அடுக்கை எழுதுங்கள், இடப்பக்கமா வலப்பக்கமா என்றும் எழுதுங்கள்.

பட்டர்வொர்த் மாணவர்: கொலிகுலஸுக்கு அசிட்டைல்கோலின் என்ற நரம்பு ரசாயனம் எங்கிருந்து வருகிறது?

மேல் அடுக்குக்கு பாராபைஜெமினல் கரு என்ற நரம்புச் செல் திரளிலிருந்து. இடை அடுக்குக்கு மூளைத்தண்டிலிருந்து.

பிரிக்பீல்ட்ஸ் முதுகலை மாணவி: எலிக்கு வலது கண்ணை எடுத்தபின் இடது கொலிகுலஸின் மேல் அடுக்கில் 5-எச்டி1பி என்ற செரோட்டோனின் ஏற்பியின் பிணைப்பு (அடையாள மருந்து ஒட்டும் அளவு) நன்றாகக் குறைந்தது. ஆனால் அதே இடத்தில் அந்த ஏற்பியை ஆக்கக் குறிப்பு தரும் எம்ஆர்என்ஏ ஏறக்குறைய இல்லை. ‘பரிசோதனை கெட்டுப்போச்சு’ என்கிறார்கள்.

கெடவில்லை தங்கச்சி, அருமையாக வந்திருக்கிறது. உங்களிடம் அப்படிச் சொன்னவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். அடையாள மருந்தின் கதிரியக்கத்தால் ஃபிலிமில் ஓரிடம் கறுத்தால், அந்த ஏற்பி அங்குள்ள செல்லுக்கே சொந்தம் என்று எழுதிவிடுகிறார்கள். எத்தனை ஆய்வேடுகளில் இதைத் திருத்தியாயிற்று! இந்த ஏற்பியில் பெரும்பகுதியை ஆக்குவது, கண்ணிலிருந்து மூளைக்கு நரம்பு அனுப்பும் விழித்திரை கேங்லியான் செல். எம்ஆர்என்ஏ கண்ணிலேயே தங்கிவிடும். புரதம் மட்டும் ஆக்ஸான் என்ற நீண்ட நரம்பிழை வழியாக நடுமூளைவரை போய் நரம்பு முனையில் உட்காரும். மூளைத்தண்டின் ராஃபே கருக்களிலிருந்து வரும் செரோட்டோனின் அதைத் தொட்டால், அந்த முனையின் குளூட்டமேட் (தூண்டும் ரசாயனம்) வெளியீடு குறையும். எலியில் கண் நரம்புகள் 90 விழுக்காட்டுக்கு மேல் எதிர்ப்பக்கம் கடப்பதால், வலது கண் போனால் இடப்பக்க முனைகள் அழிகின்றன, ஏற்பியும் கூடவே போகிறது. செக்‌ஷனைப் பாருங்கள்: வலப்பக்கம் கறுப்புப் பட்டை, இடப்பக்கம் வெளிறல். இரண்டும் ஒரே ஸ்லைடில். இதைவிட நல்ல ஒப்பீடு எங்கே கிடைக்கும்? இடப்பக்கத்தில் மிச்சமிருக்கும் பிணைப்பு மற்ற செல்களுடையது, அதையும் அளந்து எழுதுங்கள். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். காத்திருந்தால் கொலிகுலஸின் சொந்தச் செல்களும் மாறத் தொடங்கிவிடும். விழித்திரையிலும் எம்ஆர்என்ஏ பார்த்துவிடுங்கள், வாதம் முழுமையாகும்.

ஜெலுத்தோங் வாசகர்: எலிக்குப் போட்ட சயனோபிண்டோலால் என்ற அடையாள மருந்தையே மனித மூளை செக்‌ஷனில் 5-எச்டி1பி பார்க்கப் போடலாமா?

கூடாது. ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதால் மனித ஏற்பி அதை எலியின் ஏற்பி போலப் பிடிப்பதில்லை.

கிள்ளான் மாணவர்: ஏற்பியை நிறமிட்டுக் காட்டும் ஆன்டிபாடியின் பாட்டிலில் ‘எலிக்கு ஏற்றது’ என்று போட்டிருக்கிறதே, போதாதா?

போதாது. அந்த ஏற்பியின் ஜீனை நீக்கிய சுண்டெலியிலும் அதே நிறம் வந்தால், அதைத் தூக்கி ஓரமாக வையுங்கள்.

ஜார்ஜ்டவுன் ஆசிரியர்: எலியில் கண்டதை மனிதருக்கும் அப்படியே சொல்லலாமா?

அடுக்கமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான் ஐயா, சுமைதான் வேறு. சுண்டெலியில் கேங்லியான் செல்களில் சுமார் 90 விழுக்காடு கொலிகுலஸுக்கு நரம்பு அனுப்புகின்றன. குரங்கில் சுமார் 10 விழுக்காடுதான். வகுப்பில் சொல்லும்போது எந்த விலங்கு, எந்த அடுக்கு என்று சேர்த்தே சொல்லுங்கள்.