தீர்ப்பு இருக்கிறது, டிக்ரி எங்கே?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். பெரியப்பா மகன் எங்கள் வயலுக்கு வரும் கன்னி வாய்க்காலைத் தூர்த்துச் சுவர் எழுப்பிவிட்டார். 2 மாதத்தில் அகற்றச் சொல்லி முன்சீப் கோர்ட்டில் தீர்ப்பு வந்து 2 வருடம் 8 மாதம் ஆகிறது. அவர் அப்பீல் போட்டிருப்பதால் காத்திருக்கிறோம். இப்போது குழாய் பதித்துத் தருவதாக ஆள் விடுகிறார். எங்கள் அம்மா சாவுக்குக்கூட வராதவரோடு என்ன பேச்சு?

பதில்: சாவுக்கு வராத கதை கோர்ட்டுக்குத் தேவையில்லை, விடுங்கள். நீங்கள் அனுப்பிய அவருடைய மனு நகலில் ஐ.ஏ. நம்பர் (இடைக்கால மனு எண்)தான் இருக்கிறது, ஏ.எஸ். நம்பர் (அப்பீல் வழக்கு எண்) இல்லை. அப்பீல் போடத் தாமதமானதை மன்னிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். அப்பீல் இன்னும் கோப்பில் ஏறவில்லை. ஏறியிருந்தாலும் ஸ்டே இல்லாத அப்பீல் எதையும் நிறுத்தாது.

ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்ப்பு சொன்னால் அதோடு முடிந்தது. கோர்ட்டில் தீர்ப்பு என்பது நீதிபதி தன் முடிவுக்கு எழுதும் காரணங்கள். நிறைவேற்றுவது தீர்ப்பாணையை, அதாவது டிக்ரியை. நீங்கள் லேமினேட் செய்து வைத்திருப்பது தீர்ப்பு. டிக்ரி நகல் வாங்கவே இல்லை.

டிக்ரிக்கு 12 வருடம் ஆயுள் என்று திண்ணையில் சொல்வார்கள். பண டிக்ரிக்கு அது சரி. 'அகற்று' என்ற செயலுறுத்துக் கட்டளைக்கு 1963 காலவரையறைச் சட்டத்தின் 135-ஆவது இனம் 3 வருடம்தான் தருகிறது. உங்களுக்கு 2 மாதக் கெடு முடிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். மிச்சம் 6 மாதம். அப்பீல் தாமதத்தை அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவில் மன்னிக்கலாம், இ.பி.க்கு, அதாவது டிக்ரியை நிறைவேற்றக் கேட்கும் மனுவுக்கு, அந்தப் பிரிவே பொருந்தாது.

என்னிடம் ஒருவர் இப்படித்தான் வந்தார். எதிராளியின் தாமத மன்னிப்பு மனு 4 வருடம் கழித்துத் தள்ளுபடியான சந்தோஷத்தில் இ.பி. போடச் சொன்னார். அப்பீலே எடுத்துக்கொள்ளப்படாததால் முதல் டிக்ரியிலிருந்தே காலம் ஓடி முடிந்திருந்தது. ஜெயித்த வழக்கு, வயலுக்குத் தண்ணீர் இல்லை. அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

குழாய்க்கு ஒப்புக்கொள்ளுங்கள். நடவுக்கு முழுத் தண்ணீர் பாயுமென்றால் சுவர் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் முதலில் இ.பி., அப்புறம்தான் பேச்சு. பேசிக்கொண்டே 6 மாதத்தைக் கடத்திவிடுவார்கள். குழாயின் விட்டம், எந்த மட்டத்தில் பதிப்பது, அடைத்துக்கொண்டால் யார் செலவில் எடுப்பது எல்லாம் எழுதி, கோர்ட்டிலேயே பதிவு செய்யுங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 21 விதி 2-இன்படி, பதிவாகாத சமாதானத்தை நிறைவேற்று நீதிமன்றம் கண்டுகொள்ளாது. கோயில் வாசலில் வெள்ளைத்தாளில் போட்ட கையெழுத்து அங்கே உதவாது.

டிக்ரி நகலுக்கு நாளைக்கே மனு கொடுங்கள்.