பிடிக்கவில்லையா, பிடிபடவில்லையா?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எடுத்த படிப்பு பிடிக்கவில்லை. விட்டுவிடலாமா? இத்தனை நாள் படித்தது வீணாகிவிடுமே என்றும் தோன்றுகிறது.

பதில்: 'பிடிக்கவில்லை' என்கிறீர்கள். 'பிடிபடவில்லை' என்றும் ஒரு சொல் இருக்கிறது. முன்னது மனம் ஒட்டாதது, பின்னது புத்திக்கு எட்டாதது. எட்டாத பாடத்தை மனம் சீக்கிரமே வெறுத்துவிடும் என்பதால், கேட்டால் இரண்டுக்கும் 'பிடிக்கவில்லை' என்ற ஒரே பதில்தான் வரும். வைத்தியம் மட்டும் வேறு வேறு.

இயற்பியல் மாணவருக்கு மின்காந்தவியல் கசக்கிறது என்று வையுங்கள். அதற்கு அடிப்படையான கணிதம் முதலாண்டு வெக்டர் கால்குலஸ். அதிலிருந்து ஐந்து கணக்குகளை விடையைப் பார்க்காமல் போடட்டும். இரண்டாவது கணக்கிலேயே பேனா நின்றுவிட்டால், உடைந்திருப்பது கீழ்ப்படி. ஒரு விடுமுறையை அந்த ஒரு பாடத்துக்குக் கொடுத்தால் கசப்பு பெரும்பாலும் போய்விடும். ஐந்தும் வந்து, மதிப்பெண்ணும் வந்து, அப்படியும் புத்தகத்தைத் தொட மனம் வரவில்லையென்றால் அதுதான் பிடிக்காமை. அப்போதும் இறுதியாண்டுப் பாடத்திட்டத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் பெரும்பாலும் அடித்தளம்தான் போடுவார்கள். துறையின் உண்மையான முகம் கடைசியில்தான் தெரியும். அதிலும் ஒரு தாள்கூட ஈர்க்கவில்லையென்றால் மாறுங்கள்.

எங்கே மாறுவது? அந்தத் துறையின் வகுப்பில், அனுமதி கேட்டு, செமஸ்டர் நடுவில் மூன்று வாரம் உட்காருங்கள். அறிமுக வாரத்தில் எந்தப் பாடமும் இனிக்கும். அவர்களுடைய வீட்டுப்பாடம் ஒன்றையும் செய்து பாருங்கள்.

படிப்பு மட்டுமல்லாமல் எதுவுமே பிடிக்காமல், தூக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரம் தாண்டிவிட்டதா? முதலில் மருத்துவரைப் பாருங்கள். அந்த நிலையில் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

'வீணாகிவிடுமே' என்பதற்கு வருகிறேன். ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இரு ஆய்வாளர்கள் 1985இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாடக அரங்கின் சீசன் டிக்கெட்டை, அதாவது அந்தப் பருவத்து நாடகங்களுக்கெல்லாம் சேர்த்து வாங்கும் டிக்கெட்டை, சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடியிலும் விற்றார்கள். முழு விலை கொடுத்தவர்கள், சீசனின் முதல் பாதியில், அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான். கட்டிய காசுதான் இழுத்து வந்தது. போன இரண்டு ஆண்டுகள் இருந்தாலும் விலகினாலும் திரும்பாது. மீதமிருக்கும் ஆண்டுகளை மட்டும் கணக்கில் எடுங்கள்.

படிப்பை விட்டுச் சாதித்தவர்கள் கதையை உங்களிடம் யாராவது சொல்வார்கள். அந்தக் கதைகள்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. பில் கேட்ஸ் ஹார்வர்டிலிருந்து முறைப்படி விடுப்பு எடுத்துத்தான் போனார். திரும்பி வரும் கதவு திறந்தே இருந்தது. அதை யாரும் சொல்வதில்லை. அந்தக் கதைகளைக் கேட்டுவிட்டு, முறைப்படி விடுப்பு எடுக்காமல், வகுப்புக்குப் போவதை மட்டும் நிறுத்துகிறவர்தான் அகப்பட்டுக்கொள்கிறார். பெயர் பதிவேட்டிலேயே இருக்கும், எழுதாத தேர்வெல்லாம் தோல்வியாக ஏறும், அடுத்த இடத்தில் சேரப் போகும்போது அந்தப் பட்டியல்தான் முன்னால் போய் நிற்கும்.

ஆகவே பதிவாளர் அலுவலகத்தில் நான்கு விஷயம் கேளுங்கள்: விடுப்பு அதிகபட்சம் எத்தனை செமஸ்டர், தோல்வி பதிவாகாமல் பாடத்தைக் கைவிடக் கடைசி நாள் எது, உதவித்தொகை நிற்குமா, கல்விக்கடனை எப்போதிலிருந்து திருப்பிக் கட்ட வேண்டும். தேறிய பாடங்களில் எத்தனை கிரெடிட்டை ஏற்பார்கள் என்பதைப் புதிய துறையில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தாள் கைக்கு வரும்வரை இப்போதைய இடத்தை விடாதீர்கள்.