ஹெட்ஜ் ஃபண்டைப் பார்த்து வாங்க வீட்டின் மேல் கடனா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். ஒரு ஹெட்ஜ் ஃபண்ட் (பெரும் பணக்காரர்கள், நிறுவனங்களின் பணத்தை முதலீடு செய்யும் நிதியம்) காலாண்டுதோறும் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்.இ.சி.யிடம் தாக்கல் செய்யும் 13எஃப் படிவத்தை, அதாவது அது வைத்திருக்கும் பங்குகளின் பட்டியலைப் பார்த்து, அது வாங்கியதை வாங்கி, விற்றதை விற்கிறேன். இதற்காக வீட்டின் மேல் 8.5% வட்டியில் 60,000 டாலர் கடன் எடுத்தேன். ஆண்டுக்குப் பத்து சதவீதம் கிடைத்தும் கையில் எதுவும் நிற்கவில்லை, ஏன்?

பதில்: படிவத்தில் யார் எதை வைத்திருக்கிறார் என்று பார்த்த நீங்கள், எவ்வளவு வேகமாக மாற்றுகிறார் என்று பார்க்கவில்லை. நீங்கள் அனுப்பிய, அடுத்தடுத்த இரு காலாண்டுகளின் படிவங்களையும் ஒப்பிட்டேன். டாலர் மதிப்பு விலையோடு ஏறி இறங்கும் என்பதால், பங்குகளின் எண்ணிக்கை மாறிய அளவை விலையால் பெருக்கிப் பார்த்ததில், வாங்கியது சுமார் 420 மில்லியன் டாலர், விற்றது 350 மில்லியன். இவற்றில் சிறியதை, ஃபண்டின் மொத்தப் பங்குகளின் சராசரி மதிப்பான 850 மில்லியனால் வகுத்தால் காலாண்டுக்கு 41%, ஆண்டுக்கு ஏறக்குறைய 165%. அதாவது ஒரு பங்கு சராசரியாக ஏழு மாதமே அங்கே தங்குகிறது. காலாண்டுக்குள்ளேயே வாங்கி விற்றவை படிவத்தில் வராததால், உண்மையான வேகம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். (2023 ஜனவரிக்கு முந்தைய படிவங்களில் மதிப்பு ஆயிரம் டாலர் கணக்கில் இருக்கும், பழையவற்றோடு ஒப்பிடும்போது மூன்று சுழியங்களைக் கவனியுங்கள்.)

மார்ச் 31 நிலவரத்தைத் தாக்கல் செய்ய 45 நாள் அவகாசம் உண்டு. ஜனவரித் தொடக்கத்தில் அவர்கள் வாங்கியது மே நடுவில் உங்கள் கண்ணில் படும்போது, அந்த ஏழு மாதத்தில் நாலரை மாதம் போயிருக்கும். ஷார்ட் நிலைகளும் (விலை இறங்கும் என்று கடன் வாங்கி விற்ற பங்குகள்) ரொக்கமும் படிவத்தில் கிடையாது. இருப்பதும் தவறாகப் படிக்கப்படலாம்: 2023 ஆகஸ்டில் முதலீட்டாளர் மைக்கேல் பரியின் சயான் நிறுவனம் 160 கோடி டாலருக்குப் புட் ஆப்ஷன் (விலை இறங்கினால் லாபம் தரும் ஒப்பந்தம்) வாங்கியதாகச் செய்தி பரவியதே, அது அடிப்படைப் பங்குகளின் மதிப்பு. அந்த ஒப்பந்தங்களுக்கு அவர் உண்மையில் செலுத்திய விலை, அதாவது பிரீமியம், எவ்வளவு என்பது படிவத்தில் இல்லை.

இனி உங்கள் கணக்கு. 60,000 டாலருக்கு ஆண்டு வட்டி 5,100. பத்து சதவீத லாபம் 6,000. ஓராண்டுக்குள் விற்பதால் அது உங்கள் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உள்ளாகும். 24% அடுக்கில் மத்திய வரி 1,440 போனால் மிச்சம் 4,560. ஆக, ஃபண்ட் ஜெயித்த ஆண்டிலும் உங்களுக்கு 540 டாலர் நஷ்டம், மாநில வரி தனி.

ஃபண்டைப் பார்த்து வாங்கி விற்பதைத் தானாகச் செய்து தரும் செயலிக்கு மாதச் சந்தா கட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதே தாமதத்துக்குக் கூடுதலாக ஒரு கட்டணம் எதற்கு? அடுத்த படிவம் வரும்வரை காத்திருக்காமல், நஷ்டத்தில் உள்ள பங்குகளை முதலிலும், ஓராண்டை நெருங்கும் லாபப் பங்குகளை அந்தத் தேதி தாண்டிய பிறகும் விற்று, வரும் பணத்தை முழுவதும் கடனில் கட்டுங்கள்.