குறைமாதப் பிள்ளை நன்றாகத்தான் பார்க்கிறது, பிறகும் கண் கிளினிக்குக்குப் போக வேண்டுமா?

ஹட்டன் பக்கத் தோட்டத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தங்கச்சிக்கு 30 வாரத்தில் பிள்ளை பிறந்திருக்கிறது, எடை 1250 கிராம், ஒட்சிசன் வைத்திருக்கிறார்கள். இப்போது வெளிச்சத்துக்குத் திரும்புகிற பிள்ளையை எதற்குக் கண்டிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது கேள்வி.

கட்டாயம் போங்கள். மலையகத்தில் பச்சைப்பிள்ளைகள் வார்டில் வேலை செய்யும் தாதி நான். குறைமாதப் பிள்ளைகளுக்கு விழித்திரையில், அதாவது கண்ணின் உட்பக்கப் பின்திரையில், வரும் நோய்க்காகத்தான் (ROP என்பார்கள்) கூப்பிடுகிறார்கள். இந்த நோய்க்குக் கண் சிவக்காது, பீளை தள்ளாது. கண்மணியில் பூ விழுந்த மாதிரி வெள்ளை தெரிந்தால்தான் வீட்டார் பதறுவார்கள். அந்த நேரம் விழித்திரை கழன்றிருக்கும், பெரும்பாலும் பார்வையை மீட்க முடியாது.

விழித்திரையின் இரத்தக்குழாய்கள் கர்ப்பத்தின் 16ஆம் வாரமளவில் வளரத் தொடங்கி, ஓரம் வரை போய்ச்சேர கிட்டத்தட்ட 40 வாரமாகும். முந்திப் பிறந்தால் அந்த வளர்ச்சி நடுவழியில் நின்றுவிடலாம். அப்படி நின்றால் சில வாரம் கழித்து, இரத்தம் போதாத விழித்திரை புதுக் குழாய்களைக் கண்டபடி முளைக்கவைக்கும். அவை கசிந்து, தழும்பாகி, விழித்திரையை இழுத்துவிடும். அதனால் எவ்வளவு முந்திப் பிறந்தது, எவ்வளவு எடை என்பதுதான் முதல் கணக்கு.

ஒட்சிசனால் வந்த வினை என்று தங்கச்சி அழுகிறாராம். அது இல்லாமல் பிள்ளை தங்கியிருக்காது என்று சொல்லுங்கள். அளவில்லாமல் கொடுப்பதும், அளவு ஏறி இறங்குவதும்தான் கெடுதல். 1940களிலும் 50களிலும் இன்கியுபேட்டரில் தாராளமாக ஒட்சிசன் விட்டதில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பார்வை இழந்தார்கள். 1950இல் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டரும் குறைமாதத்தில் பிறந்து இதே நோயால் பார்வை இழந்தவர்தான். இப்போது இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை வீதம் என்று பார்க்க, பிள்ளையின் பாதத்தில் சிவப்பு வெளிச்சத்தோடு ஒரு பட்டி சுற்றியிருக்கும். ஒட்சிசனில் இருக்கும் பிள்ளைக்கு மெஷினில் 100 காட்டினால் அம்மாமார் சந்தோஷப்படுவார்கள், நாங்கள் ஓடிப்போய்க் குறைப்போம். பொதுவாக 90க்கும் 95க்கும் இடையில் வைக்கப் பார்ப்போம்.

கிருமித்தொற்று, இரத்தம் ஏற்றியது, அடிக்கடி மூச்சு நின்றது, வென்டிலேட்டரில் இருந்தது எல்லாம் அபாயத்தைக் கூட்டும். முதல் வாரங்களில் எடை ஏறாமல் இருப்பதும் அப்படித்தான். எடை ஏறுவதிலும் கிருமி தொற்றாமல் பார்ப்பதிலும் வீட்டாருக்கும் பங்குண்டு: தாய்ப்பால், பிள்ளையை நெஞ்சோடு அணைத்து வைப்பது, தொடமுன் கை கழுவுவது. கண்ணூறு கழிக்க மையோடு வரும் பாட்டிமாரைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

உங்கள் பிள்ளைக்கு முதல் பரிசோதனை பிறந்து நாலாம் வாரமளவில் நடக்க வேண்டும். ஒரு தடவையோடு முடியாது. குழாய்கள் ஓரம் சேரும் வரை ஒன்றிரண்டு வாரத்துக்கொரு தடவை வரச்சொல்வார்கள். லேசரோ கண்ணுக்குள் ஊசியோ தேவைப்பட்டால் இரண்டு மூன்று நாளுக்குள் செய்ய வேண்டும், ஆகவே தேதி தவறக்கூடாது. மழைக்கு மண் சரிந்து பாதை அடைபட்டால் அன்றைக்கே போன் பண்ணிக் கிட்டிய தேதி கேளுங்கள்.

கண்மணி விரிய மருந்து விட்டுக் காத்திருக்க வேண்டும், காலையிலேயே கிளம்புங்கள். இமை மூடாமலிருக்கச் சின்னக் கம்பிக் கிளிப் வைப்பார்கள். பிள்ளை வீரிட்டு அழும், சில நிமிடத்தில் முடிந்துவிடும். வாந்தி எடுக்காமலிருக்க அதற்குச் சற்று முன் பால் கொடுக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டாலும் கண் டொக்டர் போதும் என்று சொல்லும்வரை போக வேண்டும். இப்படிப் பிறந்த பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வையும் மாறுகண்ணும் கூடுதலாக வருவதால், ஒரு வயதளவில் இன்னொரு முறையும் காட்டுங்கள்.